ஹைட்டியின் கொடி ஏன் படத்துக்குப் படம் மாறுகிறது?

2025 நவம்பர் 18 அன்று ஹைட்டியின் கால்பந்து அணி நிகராகுவாவை 2-0 என்று வென்று 2026 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. 1974க்குப் பிறகு இப்போதுதான். உள்நாட்டில் ஆயுதக் கும்பல்களின் பிடி இறுகிப்போனதால் தன் 'சொந்த மண்' ஆட்டங்களைக்கூட கியூராசோ தீவில் போய் ஆடிய அணி அது. வெற்றிச் செய்தியோடு கொடிப் படங்கள் பரவின, கூடவே குழப்பமும் பரவியது. ஒரு படத்தில் மேலே நீலம், கீழே சிவப்பு, அவ்வளவுதான். இன்னொன்றில் அதே நீலம்-சிவப்பின் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் ஒரு பனைமரமும் பீரங்கிகளும். 1974 உலகக் கோப்பையின்போது பறந்த கொடியைத் தேடிப் பார்த்தாலோ கறுப்பும் சிவப்பும், அதுவும் செங்குத்தாக.

மூன்றுமே ஹைட்டியின் கொடிகள்தான், போலி எதுவும் இல்லை. எது எப்போது, ஏன் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். இதை வடிவமைப்பு ரசனை மாறிய கதையாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இந்த நாடு யாருடையது என்று 200 ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, யார் கை ஓங்கினாலும் தங்கள் தீர்ப்பை முதலில் கொடியில் எழுதிவிடுகிறார்கள்.

இப்போதைய கொடி: சட்டம் என்ன சொல்கிறது

1987 மார்ச் 29 அரசியல் சட்டம்தான் அடிப்படை. அதன் 2ஆவது பிரிவு நாட்டின் நிறங்கள் நீலமும் சிவப்பும் என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. 3ஆவது பிரிவு கொடியை விவரிக்கிறது:

1. ஒரே அளவுள்ள இரண்டு படுக்கைப் பட்டைகள், மேலே நீலம், கீழே சிவப்பு.
2. நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், அதன்மேல் குடியரசின் சின்னம்.
3. அந்தச் சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்றால், ஒரு பனை, அதன் உச்சியில் விடுதலைத் தொப்பி, கீழே போர்க்கருவிகளின் குவியல், 'ஒற்றுமையே பலம்' என்ற வாசகம்.

என்ன நீலம், என்ன சிவப்பு என்று சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் ஒரு படத்தில் கடல்நீலமாகவும் இன்னொன்றில் கருநீலமாகவும் தெரிகிறது. 'சதுரம்' என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அந்தப் பெட்டியைச் சற்று அகலமான செவ்வகமாகத்தான் வரைகிறார்கள்.

சரி, சின்னம் இல்லாத வெறும் நீலம்-சிவப்பு? அது பொதுமக்கள் பயன்படுத்தும் வடிவம். பல நாடுகளில் இப்படி இரட்டை வழக்கம் உண்டு: அரசு அலுவலகம், தூதரகம், ஐ.நா. வாசல் போன்ற இடங்களில் சின்னத்தோடு இருப்பது அரசுக் கொடி. வீட்டு மாடியிலும் ஊர்வலத்திலும் சின்னம் இல்லாமல் பறப்பது குடிமக்கள் கொடி. முதல் இரண்டு படங்களின் குழப்பம் இதோடு தீர்ந்தது. மூன்றாவது படம்தான் பெரிய கதை, அதற்கு 1803க்குப் போக வேண்டும்.

வெள்ளை எங்கே போனது?

ஹைட்டி அப்போது பிரான்சின் காலனி, பெயர் சேன்-டொமிங். உலகத்திலேயே அதிக லாபம் தந்த காலனிகளில் ஒன்று. ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேலும், சர்க்கரையில் பெரும்பங்கும் இந்தச் சின்ன இடத்திலிருந்து போனது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள், 1789 வாக்கில் சுமார் 5 லட்சம் பேர். வெள்ளையர்கள் 30,000 சொச்சம். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மூன்றாவது ஒரு கூட்டமும் இருந்தது: அடிமைகளாக இல்லாத கலப்பினத்தவரும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும். கலப்பினத்தவர் பெரும்பாலும் வெள்ளைத் தோட்ட முதலாளிக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்தவர்களின் வழிவந்தவர்கள். சொத்து சேர்த்தவர்கள் இவர்களில் நிறைய, சிலர் அடிமைகளையே வைத்திருந்தார்கள். ஆனாலும் வெள்ளையருக்குச் சமமான உரிமை கிடையாது. கொடியின் கதை முழுக்க இந்த மூன்று கூட்டங்களும் திரும்பத் திரும்ப வரும்.

1791 ஆகஸ்டில் அடிமைகள் எழுந்தார்கள். 1793இல் காலனியிலும் 1794இல் பிரான்சின் எல்லாப் பகுதிகளிலும் அடிமைமுறை ஒழிந்ததாக அறிவிக்க வேண்டிய நிலைமை வந்தது. தலைவராக உயர்ந்த துசேன் லூவெர்த்யூர் பிரான்சை விட்டுப் பிரியவில்லை. பிரெஞ்சு மூவர்ணக் கொடியின் கீழேயே ஆட்சி செய்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் நீலம்-வெள்ளை-சிவப்பு அவர்களுக்கு எதிரியின் கொடியாக இருக்கவில்லை, விடுதலை அறிவித்த குடியரசின் கொடியாக இருந்தது.

1802இல் நெப்போலியன் பெரும் படையை அனுப்பினார். லூவெர்த்யூர் பிடிபட்டார், 1803 ஏப்ரலில் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறை ஒன்றில் இறந்தார். இதற்கிடையே மற்றக் காலனிகளில் அடிமைமுறை தொடரும் என்று 1802 மே மாதமே பிரான்ஸ் சட்டம் போட்டுவிட்டது, அந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் விளங்கிவிட்டது, அடுத்தது நாம்தான் என்று. பிரெஞ்சுப் படையில் தளபதிகளாக இருந்த ஜான்-ஜாக் தெஸ்ஸாலின், கலப்பினத் தளபதி அலெக்சாந்தர் பெத்தியோன் ஆகியோர் 1802 அக்டோபரில் எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள்.

ஆனால் கையில் இருந்த கொடி அதே மூவர்ணம். இரண்டு பக்கமும் ஒரே கொடியோடு சண்டை போட்டால் எப்படி? ஒரு மோதலில் இவர்களுடைய மூவர்ணம் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்க, 'பாருங்கள், இவர்களுக்குத் தனி நாடு வேண்டாம், இன்னும் நம் கொடியைத்தான் பிடிக்கிறார்கள்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டதாகவும், அது காதுக்கு எட்டியதும் தெஸ்ஸாலின் முடிவெடுத்ததாகவும் 19ஆம் நூற்றாண்டு ஹைட்டி வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் ஆர்காயே என்ற ஊரில் 1803 மே மாதம் தளபதிகள் கூடினார்கள். மே 18 அன்று தெஸ்ஸாலின் மூவர்ணத்தை எடுத்து நடுவில் இருந்த வெள்ளையைக் கிழித்து எறிந்தார். மீந்த நீலத்தையும் சிவப்பையும் கேத்தரின் ஃப்ளோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தார்.

இந்தக் காட்சிக்கு அன்றைய ஆவணச் சான்று மெலிவானது. கேத்தரின் ஃப்ளோனைப் பற்றியும் நம்பகமாகத் தெரிந்தது கொஞ்சம்தான், தெஸ்ஸாலினின் ஞானமகள் என்பதுகூடச் செவிவழிச் செய்தி. ஆனால் நாடு அதைத் தன் பிறப்புக் கதையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு காலத்து 10 கூர்த் நோட்டில் அவர் உட்கார்ந்து கொடி தைக்கும் படம் இருந்தது. மே 18 இன்றும் கொடி நாள்.

நீலம் யார், சிவப்பு யார்?

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். பிரெஞ்சுக் கொடியில் இந்த நிறங்களுக்கு மனிதத் தோலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நீலமும் சிவப்பும் பாரிஸ் நகரத்தின் நிறங்கள், வெள்ளை பூர்போன் அரச வம்சத்தின் நிறம். 1789 புரட்சி தொடங்கிய ஜூலை மாதத்தில் இரண்டையும் சேர்த்துக் குஞ்சமாகத் தொப்பியில் குத்திக்கொண்டதிலிருந்து வந்தது அந்தக் கொடி.

ஆர்காயேயில் அதே துணியை வேறு கண்ணோடு வாசித்தார்கள். வெள்ளை என்றால் வெள்ளையர். அதை எடுத்தாயிற்று. அப்படியானால் மிச்சம் இருக்கும் நீலம் கறுப்பினத்தவர், சிவப்பு கலப்பினத்தவர், இருவரும் நடுவில் எவரும் இல்லாமல் ஒட்டித் தைக்கப்பட்டிருக்கிறார்கள். இதுதான் ஹைட்டியில் வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். பொருள் நிறத்துக்குள் இயல்பாக உட்கார்ந்திருக்கவில்லை, சூழ்நிலை அதை ஏற்றியது. இன்னும் நேராகச் சொன்னால், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் ஒருவரையொருவர் கொடூரமாகக் கொன்றுகொண்டிருந்த இரண்டு கூட்டங்களுக்கு ஒரே படையாக நிற்க ஒரு காரணம் தேவைப்பட்டது, அந்தக் காரணத்தைத் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். அரசியலாகப் பார்த்தால் அசாத்தியமான யோசனை.

அந்தப் படை 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் பிரெஞ்சுப் படையை முறியடித்தது (கால்பந்து அணி தகுதி பெற்றதும் அதே நவம்பர் 18தான், ஹைட்டிக்காரர்கள் அன்று இரட்டிப்பாகக் கொண்டாடியதற்கு அதுவும் காரணம்). 1804 ஜனவரி 1 அன்று விடுதலை அறிவிப்பு.

கறுப்பு வந்தது 1805இல்

விடுதலைக்குப் பிறகு பேரரசராக முடிசூடிக்கொண்ட தெஸ்ஸாலின், 1805 மே மாதம் ஒரு அரசியல் சட்டம் கொண்டுவந்தார். அதன் 20ஆவது பிரிவு: தேசிய நிறங்கள் கறுப்பும் சிவப்பும். இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது, தானே உண்டாக்கிய நீலத்தைத் தானே தூக்கிவிட்டார்.

ஏன்? அந்தச் சட்டத்தின் மற்றப் பிரிவுகளைக் கூடவே வைத்துப் படித்தால் தெளிவாகும்.

1. 12ஆவது பிரிவு, எந்த வெள்ளையரும் இந்த மண்ணில் எஜமானராகவோ நிலச் சொந்தக்காரராகவோ கால் வைக்கக்கூடாது என்கிறது.
2. 13ஆவது பிரிவு விதிவிலக்குத் தருகிறது: அரசு குடியுரிமை கொடுத்த வெள்ளைப் பெண்கள், ஜெர்மானியர்கள், போலந்துக்காரர்கள். நெப்போலியன் அனுப்பிய படையில் போலந்து வீரர்களும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் எதிரணிக்கு மாறி இங்கேயே தங்கிவிட்டார்கள்.
3. 14ஆவது பிரிவு எல்லாவற்றையும்விட முக்கியம். இனிமேல் ஹைட்டியர் அனைவரும் 'கறுப்பர்' என்ற ஒரே பெயரால்தான் அறியப்படுவார்கள்.

மூன்றாவதை மறுபடி படியுங்கள். கறுப்பினத்தவரும் கறுப்பர், கலப்பினத்தவரும் கறுப்பர், குடியுரிமை பெற்ற போலந்துக்காரரும் கறுப்பர்! கறுப்பு இங்கே தோலைச் சொல்வதை விட்டுவிட்டுக் குடியுரிமையைச் சொல்லத் தொடங்குகிறது. அப்படிப் பார்க்கையில் கொடியில் கறுப்பு ஏறியதும் அதே வாதத்தின் தொடர்ச்சிதான். தெஸ்ஸாலினைப் புனிதராக்கவும் வேண்டாம், 1804 தொடக்கத்தில் மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோரைக் கொல்ல உத்தரவிட்டவரும் அவரே. ஆனால் 14ஆவது பிரிவு போன்ற ஒன்றை அந்தக் காலத்தில் வேறு எந்த நாட்டுச் சட்டமும் யோசித்திருக்காது.

1806 அக்டோபர் 17 அன்று அவரைச் சொந்த ஆட்களே பதுங்கியிருந்து கொன்றார்கள். நாடு இரண்டானது.

ஒரு நாடு, இரண்டு கொடி

வடக்கில் ஆன்ரி கிறிஸ்தோஃப், முன்னாள் அடிமை, கறுப்பினத்தவர், 1811இல் அரசராகவே முடிசூடிக்கொண்டவர். அவர் கறுப்பு-சிவப்பை வைத்துக்கொண்டார். தெற்கில் பெத்தியோன், கலப்பினத்தவர், குடியரசு நடத்தினார். அவர் நீலம்-சிவப்புக்குத் திரும்பினார், ஆனால் செங்குத்தாக இருந்ததைப் படுக்கையாக மாற்றி, நடுவில் பனையும் பீரங்கியுமான சின்னத்தையும் சேர்த்தார். இன்று நாம் பார்க்கும் கொடியின் நேரடி முன்னோர் பெத்தியோனுடையதுதான்.

இந்த இடத்திலிருந்து இரண்டு நிறச்சேர்க்கைகளுக்கும் கட்சிச் சாயம் ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு-சிவப்பு என்றால் தெஸ்ஸாலின் வழி, கறுப்பினப் பெரும்பான்மையின் குரல். நீலம்-சிவப்பு என்றால் பெத்தியோன் வழி, குடியரசு, அதோடு கலப்பின மேட்டுக்குடியின் ஆதிக்கமும். 1820இல் கிறிஸ்தோஃப் இறந்ததும் பெத்தியோனின் வாரிசான ஜான்-பியேர் புவாயே வடக்கையும் சேர்த்துக்கொண்டார். நீலம்-சிவப்பு நாடு முழுவதுக்கும் ஆனது. நடுவில் 1849 முதல் 1859 வரை ஃபாஸ்டான் சூலூக் பேரரசராக இருந்தபோது சின்னம் மட்டும் மாறியது, நிறம் மாறவில்லை. ஆக மொத்தம் 1964 வரைக்கும் நீலம்-சிவப்பு நீடித்தது.

புவாயே காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1825இல் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, உங்கள் விடுதலையை அங்கீகரிக்கிறேன், ஆனால் 15 கோடி ஃபிராங்க் தர வேண்டும் என்றார். பறிபோன 'சொத்துக்கு' இழப்பீடாம், அந்தச் சொத்தில் அடிமைகளின் உடல்களும் அடக்கம். 1838இல் அது 9 கோடியாகக் குறைந்தது, ஆனால் கட்டுவதற்காக வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது. புரட்சிக்குப் பிறகு திரும்பி வந்த பூர்போன் மன்னர்கள் அப்போது மூவர்ணத்தைத் தடை செய்துவிட்டு, தங்கள் பழைய வெள்ளைக் கொடியையே பிரான்சின் கொடியாக்கியிருந்தார்கள். அதனால் 1825இல் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு மிரட்ட வந்த கப்பல்களில் பறந்தது முழு வெள்ளை. ஆர்காயேயில் ஒரு பட்டையாகக் கிழித்து எறிந்தது 22 ஆண்டு கழித்து முழுக் கொடியாகத் துறைமுகத்தில் வந்து நின்றது. இந்தக் கடன் விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2025 ஏப்ரலில், அந்த அரசாணையின் 200ஆவது ஆண்டில், இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழு ஒன்றை அமைப்பதாக பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

பக்கத்து வீட்டுக் கொடியும் தூரத்துக் கொடியும்

ஹைட்டியின் நீலம்-சிவப்பு வேறு இரண்டு கொடிகளைப் பாதித்திருக்கிறது.

1. டொமினிக்கன் குடியரசு. ஒரே தீவின் கிழக்குப் பகுதி. 1822 முதல் 1844 வரை ஹைட்டியின் ஆட்சியில் இருந்து, 1844 பிப்ரவரி 27 அன்று பிரிந்தது. அவர்கள் கொடியைப் பாருங்கள்: நீலமும் சிவப்பும் கட்டங்களாக, நடுவே வெள்ளைச் சிலுவை. ஹைட்டியின் கொடியை எடுத்து அதன்மேல் வெள்ளைச் சிலுவையை வைத்ததுதான் அதன் தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஹைட்டி எதை நீக்கி நாடானதோ, அதைத் திரும்பச் சேர்த்து இவர்கள் நாடானார்கள். அவர்களுக்கு அந்த வெள்ளை மதத்தையும் அமைதியையும் குறிக்கிறது என்றாலும், ஹைட்டியிலிருந்து அதைப் பார்ப்பவர் வேறு விதமாக வாசித்தால் குற்றம் சொல்ல முடியாது.
2. லிக்டன்ஸ்டைன். ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் குட்டி நாடு, ஹைட்டியோடு ஒட்டுறவே இல்லை. அவர்கள் கொடியும் மேலே நீலம், கீழே சிவப்பு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இரண்டும் ஒன்றாக இருப்பது தெரியவந்து, 1937இல் லிக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு தங்கக் கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. சர்வதேச இடங்களில் ஹைட்டி சின்னத்தோடு கூடிய கொடியைப் பயன்படுத்துவதில் இருக்கும் வசதியும் இதிலிருந்தே புரியும்.

பனைக்கு அடியில் பீரங்கி

நடுவில் இருக்கும் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கூட்டம் அதிகம். உயரமான அரசப் பனை. அதன் உச்சியில் கூர் மடங்கிய தொப்பி. பழைய ரோமில் விடுதலையான அடிமையின் அடையாளமாக இருந்த தொப்பியை பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அங்கிருந்து இங்கே வந்தது. பாரிஸில் அது ஓர் உருவகம். ஹைட்டியில் நிஜமாகவே விலங்கை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் அதைத் தங்கள் பனையின் தலையில் மாட்டினார்கள், அந்தத் தொப்பிக்கு இதைவிடப் பொருத்தமான தலை கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். மரத்தின் இரு பக்கமும் மூன்று மூன்றாகக் கொடிகள், துப்பாக்கிகள், பீரங்கிகள், குண்டுகள், ஒரு முரசு, நங்கூரங்கள், உடைந்த சங்கிலித் துண்டுகள். கீழே பட்டையில் 'ஒற்றுமையே பலம்' என்று பிரெஞ்சில். அந்த வாசகத்தோடு இந்தச் சின்னம் பிறந்தது நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த காலத்தில் என்பதையும் கவனியுங்கள்.

இத்தனை ஆயுதம் எதற்கு என்று கேட்கலாம். சின்னம் உருவான காலத்தில் எந்த வல்லரசும் இவர்களை நாடாக ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்கா 1862 வரை ஏற்கவில்லை. பிரான்ஸ் எந்த நாளும் திரும்ப வரலாம். அதனால் பீரங்கி அலங்காரத்துக்கு அல்ல, மலைமேல் நிஜக் கோட்டைகளும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்புறம் அந்த வெள்ளைப் பெட்டி. வெள்ளையை நீக்கிப் பிறந்த கொடியின் நடுவிலேயே வெள்ளையா என்று ஹைட்டிக்காரர்களே கிண்டலடிப்பதுண்டு. நடைமுறைக் காரணம் எளிது: பச்சைப் பனையும் அத்தனை நுணுக்கங்களும் பாதி நீலத்திலும் பாதி சிவப்பிலும் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. சின்னத்துக்குப் பின்புலமாக வந்த வெள்ளை அது, அதற்குத் தனிப் பொருள் எதையும் சட்டம் தரவில்லை.

1964: துவாலியே கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது ஏன்?

இப்போது 1974 கொடிக்கு வரலாம். 1957இல் ஆட்சிக்கு வந்த மருத்துவர் ஃபிரான்சுவா துவாலியே, 'பாப்பா டாக்' என்று உலகம் அறிந்தவர். 1964இல் தன்னை ஆயுள் முழுக்க அதிபராக்கும் அரசியல் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார். அதே சட்டத்தில் கொடியும் மாறியது. கறுப்பு-சிவப்பு, செங்குத்தாக, கறுப்பு கம்பத்தை ஒட்டி.

கம்பத்தை ஒட்டிய பக்கம்தான் கொடியில் கௌரவமான இடம். காற்றில் மறுபக்கம் மடங்கும், சுருளும், கிழியும். கம்பப் பக்கம் அப்படியே நிற்கும். அங்கே கறுப்பை வைத்ததன் மூலம், நாடு கறுப்பினப் பெரும்பான்மையின் கையில் வந்துவிட்டது, ஆப்பிரிக்க வேரோடு இணைந்துவிட்டது என்று அறிவிப்பதாக அதை முன்வைத்தார்கள். துவாலியேயின் அரசியலுக்குப் பெயரே கறுப்பியம், அதாவது கலப்பின மேட்டுக்குடியிடமிருந்து அதிகாரத்தைக் கறுப்பின நடுத்தர வர்க்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை.

இந்தக் கொள்கையைப் பிறக்க வைத்த குறை பொய்யில்லை. 1820க்குப் பிறகு கறுப்பின அதிபர்கள் பலர் வந்தாலும் வணிகமும் படிப்பும் பெரும்பாலும் வெளிர் நிறக் குடும்பங்களிடமே இருந்தன. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அந்த இடைவெளி இன்னும் விரிந்தது. ஆனால் துவாலியே செய்தது என்ன? டோன்டோன் மக்கூட் என்ற அடியாள் படையை வளர்த்தார், எதிர்த்தவர்களைக் காணாமல் போக்கினார், அதில் செத்தவர்களில் கறுப்பின ஏழைகள் எத்தனையோ பேர். தெஸ்ஸாலினின் நிறம் அவருக்கு நல்ல மறைப்பாக இருந்தது. 14ஆவது பிரிவில் எல்லோரையும் உள்ளே இழுத்த அதே கறுப்பு, 1964இல் யாரை வெளியே தள்ளுவது என்று சொல்லும் கறுப்பாகத் திரிந்துபோனது.

1971இல் அவர் இறந்தபின் 19 வயது மகன் ஜான்-கிளாட் துவாலியே வாரிசு ஆனார். 1974இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கு ஹைட்டி அணி போனபோது ஆட்சியில் இருந்தவர் அவர், அதனால்தான் கறுப்பு-சிவப்பு. (இத்தாலிக்கு எதிராக எமானுவேல் சனோன் அடித்த கோல், 1,142 நிமிடம் சர்வதேச ஆட்டத்தில் கோலே வாங்காமல் இருந்த டினோ சோஃபின் சாதனையை முடித்து வைத்தது. ஆட்டத்தில் ஹைட்டி 3-1 என்று தோற்றது வேறு விஷயம்.)

1986க்குப் பிறகு

1986 பிப்ரவரி 7 அன்று இளைய துவாலியே நாட்டை விட்டு ஓடினார். அதற்குள் நீலம்-சிவப்பு எதிர்ப்பின் அடையாளமாகிவிட்டிருந்தது. அதே மாதத்திலேயே அதிகாரப்பூர்வமாக அது திரும்பியது, 1987 அரசியல் சட்டம் உறுதி செய்தது.

தேதிவாரியாக ஒரு முறை:

1. 1803: நீலம்-சிவப்பு, செங்குத்து.
2. 1805: கறுப்பு-சிவப்பு, செங்குத்து.
3. 1806 முதல் 1820 வரை: வடக்கில் கறுப்பு-சிவப்பு, தெற்கில் நீலம்-சிவப்பு படுக்கையாக.
4. 1820 முதல் 1964 வரை: நாடு முழுதும் நீலம்-சிவப்பு, படுக்கை.
5. 1964 முதல் 1986 வரை: கறுப்பு-சிவப்பு, செங்குத்து.
6. 1986 முதல்: நீலம்-சிவப்பு, படுக்கை.

எனவே ஒரு பழைய படத்தில் கறுப்பு-சிவப்பு இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அல்லது துவாலியே காலம். புதிய படத்தில் இருந்தால்? இன்றும் சில போராட்டங்களில் அது தலைகாட்டுகிறது. பிடிப்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் தெஸ்ஸாலின். ஆனால் துவாலியே காலத்தில் அப்பாவையோ அண்ணனையோ இழந்த குடும்பத்துக்கு அந்தத் துணியைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது வேறு. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருப்பார்கள், எவர் வாசிப்பும் தவறு என்று வெளியிலிருந்து நாம் சொல்வதற்கில்லை.

கொடி மறுபடி மாற வாய்ப்பு உண்டா? சட்டப்படி மிகக் கடினம். நிறமும் வடிவமும் அரசியல் சட்டத்துக்குள்ளேயே இருப்பதால் சட்டத் திருத்தம் வேண்டும். அதை ஒரு நாடாளுமன்றம் தன் காலத்தின் கடைசிக் கூட்டத்தொடரில் முன்வைக்க வேண்டும், தேர்தல் முடிந்து வரும் அடுத்த நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும், அதற்கும் அடுத்து ஒரு புதிய அதிபர் பதவியேற்ற பிறகே அது நடைமுறைக்கு வரும். பொது வாக்கெடுப்பு மூலம் திருத்துவதை 1987 சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது, ஏனென்றால் துவாலியேக்கள் தங்களுக்குத் தோதான வாக்கெடுப்புகளை நடத்தியே ஆயுள் பதவியை வாங்கினார்கள். 2021 ஜூலையில் அதிபர் ஜோவனல் மோயிஸ் கொலையானார், 2023 ஜனவரியில் கடைசியாக மிச்சமிருந்த 10 செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்தது. திருத்தத்தை முன்வைக்கவே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் இல்லாமல் போனது.